குழாயின் மறுமுனையில்

2001ஆம் ஆண்டு மார்ச் மாதம். முதுகலைப் பொறியியலின் கடைசி அரையாண்டு. ஒரு உலோகத் தகட்டின் ஒரு விளிம்பைச் சூடாக்கினால் வெப்பம் தகடு முழுக்க எப்படிப் பரவும் என்பதுதான் என் ஆய்வு. தகட்டை நாற்பதுக்கு நாற்பது கட்டங்களாகப் பிரித்து ஃபோர்ட்ரானில் கணக்குப் போட்டிருந்தேன். ஒவ்வொரு நேரப்படிக்கும் 1600 எண்கள். எல்லாவற்றையும் அச்சிட்டு, கட்டாக எடுத்துக்கொண்டு வழிகாட்டியின் அறைக்குப் போனேன். சார் முதல் பக்கத்தைப் பார்த்தார், நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டினார், கட்டை என் பக்கம் தள்ளினார்.

"எல்லாம் எண்ணாவே இருக்கேம்மா. படம் எங்கே? சூடு எந்தப் பக்கம் போகுதுன்னு கண்ணுல காட்டு."

படம் போடுவது அன்று எங்களுக்கு ஒரு பயணம். நிரல் எண்களை ஒரு கோப்பில் எழுதும். அந்தக் கோப்பை ஃபிளாப்பியில் ஏற்றி, மாடியிறங்கி, விரிதாள் மென்பொருள் இருந்த ஒரே கணினிக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். எண்களை உள்ளே இழுத்து, பத்தியைத் தேர்ந்து, அச்சுகளுக்குப் பெயர் கொடுத்து ஒரு படம் வந்தால், வெப்பக் கடத்தல் மாறிலியைத் தப்பாகப் போட்டிருப்பது அப்போதுதான் தெரியும். மறுபடியும் மாடியேறி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆய்வகத்தில் எனக்கு இரண்டு வருடம் மூத்த அண்ணன் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் நிரலையே படம் போடச் சொல்லும்மா. நீ ஏன் தூக்கிட்டு அலையற?" அவரே என் நிரலில் பத்துப் பன்னிரண்டு வரிகள் சேர்த்துக் கொடுத்தார். சில தடங்கல்களுக்குப் பிறகு, கணக்கு ஓட ஓட, திரையில் தனியாக ஒரு சாளரம் திறந்து, தகடு ஒரு வலைபோல் விரிந்து, ஒரு ஓரம் மெல்ல மேலெழுந்தது. அந்த ஓரம்தான் சூடேறும் விளிம்பு. என் நிரலுக்கு ஒரு கோடு போடக்கூடத் தெரியாது. வரைந்தது க்னூபிளாட் என்ற வேறொரு நிரல். என்னுடையது அதற்குக் கட்டளை மட்டும் அனுப்பியது. நடுவில் இருந்ததன் பெயர் 'பைப்', அதாவது குழாய்.

அந்தக் குழாய் எங்கிருந்து வந்தது என்று அப்போதிலிருந்து தேடிப் படித்துவருகிறேன். கணக்கு மொழிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம்.

ஃபோர்ட்ரான் 1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக வந்தது. கணக்குப் போடப் பிறந்த மொழி அது, வரையும் கட்டளை ஒன்றுகூட அதில் கிடையாது. வரி அச்சு இயந்திரத்தில் நட்சத்திரக் குறிகளை இடம் பார்த்து அச்சிட்டு வளைவு காட்டுவதே வழக்கம். தாளை எட்டப் பிடித்துப் பார்த்தால் வளைவு தெரியும், கிட்டப் பார்த்தால் வெறும் நட்சத்திரங்கள். கிளீவ் மோலர் 1970களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காக எழுதிய முதல் மேட்லாபிலும் படம் என்றால் இந்த நட்சத்திரங்கள்தான்.

உண்மையான கோடு வேண்டுமென்றால் பிளாட்டர் வேண்டும். கலிஃபோர்னியாவின் கால்காம்ப் நிறுவனம் 1959இல் 565 என்ற உருளை பிளாட்டரைக் கொண்டுவந்தது. தாள் உருளையோடு முன்னும் பின்னும் நகரும், பேனா இடமும் வலமும் நகரும். ஒரு படி அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, விநாடிக்கு 300 படிகள். சாய்ந்த கோடாக நமக்குத் தெரிவது உண்மையில் மிகச் சிறிய படிக்கட்டு. அதை இயக்க ஃபோர்ட்ரானிலிருந்து அழைக்கும் துணைநிரல்கள் கூடவே வந்தன. முக்கியமானதின் பெயர் 'பிளாட்', அதற்கு மூன்று எண்கள் தர வேண்டும். முதல் இரண்டும் பேனா போக வேண்டிய இடம். மூன்றாவது எண் 2 என்றால் பேனாவைத் தாளில் வைத்தபடி போக வேண்டும், 3 என்றால் தூக்கியபடி போக வேண்டும். வை, தூக்கு, வை, தூக்கு. நம் வீட்டு வாசலில் கம்பிக்கோலம் இழுக்கும் கைக்கும் தெரிந்த கணக்குதான் இது: எங்கே மாவு விழ வேண்டும், எங்கே கை சும்மா நகர வேண்டும்.

இந்த 2, 3 வழக்கம் கால்காம்ப் இயந்திரங்களைத் தாண்டி வாழ்ந்தது. வேறு பிளாட்டர் செய்தவர்களும் அதே பெயரில், அதே மூன்று எண்களோடு துணைநிரல் கொடுத்தார்கள். ஊர் ஊராக ஃபோர்ட்ரான் நிரல்கள் அந்த அழைப்பை நம்பி எழுதப்பட்டிருந்ததால் அவர்களுக்கு வேறு வழியில்லை.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. வரையும் வேலை நூலகமாக உங்கள் நிரலுக்குள்ளேயே வந்து ஒட்டிக்கொள்ளும். பிளாட்டர் மாறினால் நூலகம் மாறும், நூலகம் மாறினால் முழு நிரலையும் மறுபடி இணைத்துக் கட்ட வேண்டும். 1972இல் டெக்ட்ரானிக்ஸ் 4010 திரை வந்தது. பச்சையாக ஒளிரும் திரை, போட்ட கோடு அழியாமல் நிற்கும். ஒரே ஒரு கோட்டை மட்டும் அழிக்க முடியாது. அழிப்பதென்றால் திரை முழுவதும் பளிச்சென்று மின்னி எல்லாம் போய்விடும். அதற்கான மொழி வேறு: ஒரு கட்டுப்பாட்டு எழுத்தை அனுப்பினால் திரை வரையும் நிலைக்குப் போகும், பிறகு வரும் எழுத்துகளெல்லாம் இடங்களைக் குறிக்கும். பிளாட்டருக்கு ஒரு நூலகம், திரைக்கு ஒரு நூலகம், அடுத்த ஆண்டு வாங்கும் கருவிக்கு இன்னொன்று. வெப்பத்தைக் கணக்குப் போட வந்தவர் கருவிகளுக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

மாற்று வழி கணக்குப் போடுகிறவர்களிடமிருந்து வரவில்லை. நியூஜெர்சியின் மர்ரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964 அக்டோபரில் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயோடு தேவைப்படும்போது இன்னொரு துண்டைத் திருகி இணைப்பதுபோல் நிரல்களையும் ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும் என்பது அதன் சாரம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1973இல், கென் தாம்சன் அதை யூனிக்ஸ் இயங்குதளத்தில் நடைமுறைப்படுத்தினார். ஒரு நிரல் எழுதி வெளியே தள்ளும் எழுத்துகள் இன்னொரு நிரலின் வாய்க்குள் நேராகப் போகும். இடையில் கோப்பு வேண்டாம், ஃபிளாப்பி வேண்டாம், மாடிப்படியும் வேண்டாம்.

1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருந்தன. ஒன்று, 'கிராஃப்', 'பிளாட்' என்ற இரு சிறு நிரல்கள். முதலாவது எண் சோடிகளை வாங்கி அச்சு போட்டு, கோடுகளாக மாற்றும். இரண்டாவது அந்தக் கோடுகளை எந்தக் கருவி இருக்கிறதோ அதன் மொழிக்கு மாற்றும். நடுவில் குழாய். மற்றொன்று, சி மொழி நிரலுக்குள்ளிருந்தே குழாய் திறக்கும் 'பிஓப்பன்' என்ற அழைப்பு. இந்த இரண்டாவதுதான் என் கதைக்கு உயிர். அதுவரை பெரும்பாலும் மனிதர்தான் விசைப்பலகையில் தட்டி இரு நிரல்களைக் கோத்தார். இனி நிரலே இன்னொரு நிரலை எளிதாக எழுப்பி, அதனிடம் வேலை சொல்லலாம்.

வேலை வாங்கத் தகுந்த நல்ல வரைஞர் கிடைக்க இன்னும் ஏழு ஆண்டுகள் ஆயின. பென்சில்வேனியாவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்ற இரண்டு மாணவர்கள். ஒருவர் மின்காந்தவியல் படித்துக்கொண்டிருந்தார், மற்றவர் வகைக்கெழுச் சமன்பாடுகள். இருவருக்கும் சமன்பாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. 1986இல் தாங்களே ஒரு நிரலை எழுதிக்கொண்டார்கள். பெயர் வைப்பதில் இருவருக்கும் இழுபறி. கடைசியில் 'நியூபிளாட்' என்று ஒத்துக்கொண்டால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு மோசமான நிரல் அவர்கள் கல்லூரியிலேயே புழங்கிக்கொண்டிருந்தது. எனவே ஒலி அப்படியே இருக்க எழுத்தை மட்டும் மாற்றினார்கள். எழுத்தில் க்னூ, காதில் நியூ. ரிச்சர்ட் ஸ்டால்மனின் க்னூ இயக்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை. இன்றும் பாதிப்பேர் தொடர்பு உண்டென்றே நினைக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் எழுத்தைப் பார்த்து 'க்னூபிளாட்' என்றே படித்தோம், எனக்கு அதுவே வாயில் நின்றுவிட்டது.

அந்த நிரலின் அருமையை நான் புரிந்துகொண்டது இப்படி. அதை இயக்கினால் ஒரு வரி காட்டிக் காத்திருக்கும். 'பிளாட் சைன் எக்ஸ்' என்று தட்டினால் சைன் வளைவு வரும். அச்சுக்குப் பெயர் வேண்டுமா, 'செட் எக்ஸ்லேபிள்' என்று சொல்லிப் பெயரைக் கொடுத்தால் போதும். எல்லாமே சாதாரண எழுத்து, வாய்விட்டுப் படிக்கக்கூடிய சொற்கள். தட்டுவது மனிதரா, குழாயின் அந்த முனையில் இருக்கும் வேறு நிரலா என்பதில் அதற்கு வேறுபாடு இல்லை. எனவே அதை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு மாணவி கையால் பத்துக் கட்டளை தட்டிப் பார்த்தால் போதும். அதே பத்துக் கட்டளைகளைத் தன் நிரலிலிருந்து எழுத்து மாறாமல் அனுப்பலாம். கால்காம்பின் 2, 3ஐக் கற்றவர் ஒரு இயந்திரத்தின் கையைக் கற்றார். இங்கே கற்பது ஒரு பேச்சு.

கருவி மாறும் கவலையும் அதோடு போனது. க்னூபிளாட்டுக்குள் நூற்றுக்கணக்கான 'டெர்மினல்'கள் என்று சொன்னால் மிகை, ஆனால் பல பத்துகள் உண்டு. டெக்ட்ரானிக்ஸ் திரைக்கு ஒன்று, போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுக்கு ஒன்று, யூனிக்ஸின் எக்ஸ் சாளரத்துக்கு ஒன்று. 'டம்ப்' என்ற பெயரில் பழைய நட்சத்திரக் குறிப் படத்துக்குக்கூட ஒன்று இருக்கிறது. 'செட் டெர்மினல்' என்று ஒரு வரி அனுப்பினால் வரைஞர் கருவியை மாற்றிக்கொள்வார். கணக்கு நிரலைத் தொடவே வேண்டியதில்லை.

இதே காலத்தில் இன்னொரு வேலை தொடங்கியது. வேதிப் பொறியியல் பேராசிரியர் ஜேம்ஸ் ராலிங்ஸும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் எக்கர்ட்டும் வேதி உலைகளின் வடிவமைப்பைப் பற்றி ஒரு பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்குத் துணையாக ஒரு மென்பொருள் வேண்டும் என்ற எண்ணம் 1988 வாக்கில் வந்தது. மாணவர்கள் ஃபோர்ட்ரான் பிழைகளைத் தேடுவதிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு வேதிப் பொறியியலைக் கோட்டைவிடுகிறார்கள் என்பது அவர்களுடைய கவலை. என் கையில் இருந்த எண் கட்டை நினைத்தால் அந்தக் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஜான் ஈட்டன் என்பவர் 1992இல் அந்த மென்பொருளை முழுநேரமாக எழுத உட்கார்ந்தார். 1993 ஜனவரி 4 அன்று முதல் சோதனைப் பதிப்பு வந்தது, 1994 பிப்ரவரி 17 அன்று 1.0. பெயர் ஆக்டேவ். இசையின் ஸ்வர எட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஈட்டனுக்குப் பாடம் எடுத்த வேதிப் பொறியியல் ஆசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீல், காகிதத் துண்டின் பின்பக்கத்தில் விறுவிறுவென்று கணக்குப் போட்டுச் சரியான விடைக்குப் பக்கத்தில் வந்து நிற்பதற்குப் பேர்போனவர். அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஆக்டேவுக்கு அணிகளைப் பெருக்கத் தெரியும், வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியும். வரையத் தெரியாது, அதற்காக அது வெட்கப்படவும் இல்லை. நீங்கள் முதல் படத்தைக் கேட்கும்போது பின்னால் ஒரு க்னூபிளாட்டை எழுப்பும், குழாயைத் திறக்கும். அந்நாள் ஆக்டேவில் 'ஜிபிளாட்', 'ஜிசெட்' என்று இரண்டு கட்டளைகள் இருந்தன. 'ஜிசெட்' என்று எழுதியதற்குப் பின் வருவது க்னூபிளாட்டின் காதுக்கு அப்படியே போகும். 'ஜிபிளாட்' என்றால் ஆக்டேவ் அந்த அணியை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டு, அந்தக் கோப்பின் பெயரைப் போட்டு 'இதை வரை' என்று குழாயில் சொல்லும். என் ஆய்வு நாட்களில் தற்காலிகக் கோப்புகளின் அடைவைத் திறந்தால் 'ஆக்ட்' என்று தொடங்கும் பெயர்களில் கோப்புகள் கிடக்கும். ஒன்றைத் திறந்து பார்ப்பேன், உள்ளே என் எண்கள். ஒரு நிரல் இன்னொரு நிரலுக்குக் கொடுத்த சீட்டை நடுவில் எடுத்துப் படிப்பதுபோல் இருக்கும். எதுவும் மறைவாக நடக்கவில்லை. இந்த வெளிப்படைத்தன்மையைத்தான் நான் அந்த ஏற்பாட்டின் தலையாய குணம் என்று நினைக்கிறேன்.

உரிமத்திலும் குழாய் ஒரு வசதி செய்துகொடுத்தது. ஆக்டேவ் க்னூ பொது உரிமத்தில் வருவது. க்னூபிளாட்டின் உரிமம் வேறு: அதை மாற்றினால் மாற்றங்களைத் தனி ஒட்டுகளாகத்தான் பகிர வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இணைத்துக் கட்டினால் இரு நிபந்தனைகளும் மோதும். குழாயின் இரு முனைகளிலும் இரண்டு தனி நிரல்களாக இருக்கும்வரை அவரவர் உரிமம் அவரவரிடம்.

என் ஃபோர்ட்ரானுக்கு இந்த வசதி கிடைத்தது சுற்றுவழியில்தான். ஃபோர்ட்ரான் 77இல் குழாய் திறக்க வழியே கிடையாது. அண்ணன் சி மொழியில் மூன்று சிறு செயல்கூறுகள் எழுதினார்: குழாயைத் திற, ஒரு வரி அனுப்பு, மூடு. அவற்றை ஃபோர்ட்ரானிலிருந்து அழைப்பதற்குள் ஒரு மாலை போனது. நாங்கள் வைத்திருந்த நிரல்பெயர்ப்பி ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு அடிக்கோட்டைத் தானாகச் சேர்க்கும், எனவே சி பக்கத்திலும் பெயரை அடிக்கோட்டோடு எழுத வேண்டும். எழுத்துச் சரத்தை அனுப்பினால் அதன் நீளம் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் எண்ணாகக் கடைசியில் போகும், அதையும் சி வாங்கிக்கொள்ள வேண்டும். சி மொழியோடு சேர்ந்து பழகும் முறை ஃபோர்ட்ரானின் தரத்திலேயே வந்தது 2003 பதிப்பில்தான்.

திறந்த குழாயில் முதல் நாள் ஒன்றும் வரவில்லை. நிரல் ஓடியது, கட்டளைகள் போயின என்று அச்சிட்டது, சாளரம் திறக்கவில்லை. கணக்கு முடிந்த கடைசி நொடியில் எல்லாப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண் சிமிட்டும் நேரத்தில் ஓடிவிட்டு, சாளரமும் மறைந்தது. இரண்டு தவறுகள் அதில் இருந்தன. குழாயில் எழுதும்போது சி நூலகம் எழுத்துகளை உடனே அனுப்பாது. 4096 பைட் சேரும்வரை தொட்டியில் தேக்கிவைத்து ஒரேயடியாகத் திறந்துவிடும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் 'எஃப்ஃபிளஷ்' என்று சொல்லித் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். இரண்டாவது, என் நிரல் முடிந்து குழாயை மூடியதும் க்னூபிளாட்டும் விடைபெற்றுப் போய்விடும், சாளரமும் கூடவே போகும். எழுப்பும்போதே 'பெர்சிஸ்ட்' என்ற சொல்லைச் சேர்த்தால் சாளரம் நிற்கும்.

வரைந்தவர் போன பிறகு படம் மட்டும் எப்படி நிற்கிறது என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் இயங்கும் நிரல்களின் பட்டியலை எடுத்துக் காட்டினார். என் நிரல் இருந்தது, க்னூபிளாட் இருந்தது, அதற்குக் கீழே மூன்றாவதாக 'க்னூபிளாட் எக்ஸ்11' என்று ஒன்று இருந்தது. சாளரத்தைத் திறந்து கோடு போடுவது இந்த மூன்றாமவர். க்னூபிளாட் அவரிடம் வேலை சொல்வதும் ஒரு குழாய் வழியாகத்தான். நடுவில் இருப்பவர் கிளம்பினாலும் கடைசியில் இருப்பவர் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதைப் பார்த்த நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மெக்கில்ராய் சொன்ன தோட்டக் குழாய் என் மேசையிலேயே இரண்டு துண்டாகத் திருகப்பட்டிருந்தது.

தகட்டின் பரப்பை வரைய 'எஸ்பிளாட்' என்று சொல்லி, கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மேற்கோளுக்குள் ஒரு சிறு கோடு போட வேண்டும். எண்கள் கோப்பில் இல்லை, இதோ பின்னாலேயே வருகின்றன என்று அதற்குப் பொருள். எண்கள் முடிந்ததும் தனி வரியில் 'இ' என்ற ஒற்றை எழுத்து. கட்டத்தின் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் ஒரு வெற்று வரி விட வேண்டும். அந்த வெற்று வரியை விட்டுவிட்டால் 1600 புள்ளிகளும் ஒரே நூலில் கோத்ததுபோல் வரும், வலையாகாது. 'இ'யை மறந்தால் அடுத்த கட்டளையையும் எண் என்று நினைத்து வாங்கிக்கொண்டே போகும். ஒரு நாள் முழுவதும் அந்த ஒரு எழுத்தைத் தேடியிருக்கிறேன்.

குழாய்க்கு ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் ஒரு பக்கம்தான் ஓடும். கட்டளையை அனுப்பலாம், பதிலை அதே வழியில் கேட்க முடியாது. படத்தில் பயனர் எங்கே சொடுக்கினார் என்று ஆக்டேவுக்குத் தெரிய வேண்டுமென்றால், பின்னாளில் அவர்கள் பெயரிட்ட குழாய் ஒன்றைத் தனியாகச் செய்து, 'உன் பதிலை இதில் எழுது' என்று க்னூபிளாட்டுக்குச் சொல்லி, மறுமுனையில் காத்திருந்தார்கள். அதுவும் வேலை செய்தது. ஆனால் சுட்டியால் படத்தைப் பிடித்துத் திருப்பி விளையாட நினைக்கும் தலைமுறைக்கு அது போதவில்லை. பெரிய அணிகளென்றால் ஒவ்வொரு எண்ணையும் எழுத்தாக்கி அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி எண்ணாக்கும் வேலையும் இருந்தது. 2007 டிசம்பரில் வந்த ஆக்டேவ் 3.0 படத்தின் ஒவ்வொரு உறுப்பையும் தன் கையில் வைத்துக்கொள்ளத் தொடங்கியது. அடுத்து ஓப்பன்ஜிஎல் வழியாகத் தானே வரையும் முறை வந்தது, மெல்ல அதுவே இயல்பானது. ஆக்டேவைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் குழாய் வழக்கத்துக்கு ஒரு பெரிய பிள்ளை இருக்கிறது, அதைப் பலர் அறியார். சிகாகோவில் ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஃபெர்னாண்டோ பெரெஸ் பைத்தான் மொழிக்காக எழுதிய ஐபைத்தானுக்குள்ளிருந்து, மேட்லாபில் போடுவதுபோல் க்னூபிளாட் வழியாகப் படம் போட ஒரு ஒட்டு எழுதி 2002இல் அவருக்கு அனுப்பினார். பெரெஸ் அப்போது முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் அவசரத்தில் இருந்தார். இதைப் பார்க்கச் சில மாதங்கள் ஆகும் என்று பதில் வந்தது. ஹன்டர் காத்திருக்கவில்லை, தனியாக எழுதத் தொடங்கினார். 2003இல் மேட்பிளாட்லிப் 0.1 வெளியானது. இன்று உலகில் பைத்தானில் கணக்குப் போடும் மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் போடும் படம் அதில்தான். ஹன்டர் 2012 ஆகஸ்டில், 44 வயதில், புற்றுநோய்ச் சிகிச்சையின் சிக்கல்களால் காலமானார். க்னூபிளாட்டுக்குக் குழாய் போட எழுதிய ஒரு ஒட்டுக்கு நேரத்தில் பதில் வந்திருந்தால் மேட்பிளாட்லிப் பிறந்தே இருக்காதோ என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இப்போது நான் எண்முறைக் கணக்கியல் பாடம் எடுக்கிறேன். என் மாணவர்கள் ஒரு வரியில் படம் போடுகிறார்கள், நன்றாகவும் போடுகிறார்கள். ஆனால் படம் வராதபோது எங்கே பார்ப்பதென்று அவர்களுக்குத் தெரிவதில்லை. கணக்கும் படமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன, நடுவில் எட்டிப் பார்க்கச் சந்து இல்லை. அதனால் ஒவ்வொரு ஆண்டும் ஒரு வகுப்பை ஒதுக்கி அவர்களைக் குழாய் திறக்க வைக்கிறேன். அதோடு ஒரு 'டீ'யையும் பொருத்தச் சொல்கிறேன். ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்கும் அதே டீ, ஒரு குழாயில் வருவதை இரண்டாகப் பிரிக்கும் மூட்டு. யூனிக்ஸில் அந்தப் பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. குழாயில் போகும் ஒவ்வொரு எழுத்தையும் மறுமுனைக்கு அனுப்பிக்கொண்டே ஒரு கோப்பிலும் நகலெடுத்துவைக்கும். தன் நிரல் என்ன சொன்னது என்பதை மாணவர் அந்தக் கோப்பைத் திறந்து தன் கண்ணால் படிக்கலாம்.

2001இல் அண்ணன் என் நிரலிலும் அப்படி ஒரு டீ பொருத்தியிருந்தார். அந்தக் கோப்பை ஃபிளாப்பியிலிருந்து குறுந்தகட்டுக்கும், அதிலிருந்து இப்போதைய கணினிக்கும் மாற்றி மாற்றிக் காப்பாற்றி வந்திருக்கிறேன். போன மாதம் அதை க்னூபிளாட்டின் ஆறாம் பதிப்பிடம் கொடுத்தேன். இரண்டு வரிகளை இன்றைய எழுத்துமுறைக்கு மாற்றினேன்: 'செட் நோகீ' இப்போது 'அன்செட் கீ', 'செட் டேட்டா ஸ்டைல் லைன்ஸ்' இப்போது 'செட் ஸ்டைல் டேட்டா லைன்ஸ்'. மற்றதெல்லாம் அன்று எழுதியபடியே. சாளரம் திறந்தது, நாற்பதுக்கு நாற்பது வலை விரிந்தது, இடது ஓரம் மேலெழுந்தது.